ஒன்பதாம் வேற்றுமை

செப்டம்பர் 9, 2025 – செவ்வாய்

திருவண்ணாமலையில் பௌர்ணமிக் கூட்டம் வடிந்து, இன்றைக்குத்தான் வேங்கிக்காலுக்கு பஸ் ஒழுங்காக வந்தது. காய்கறிப் பையோடு வீட்டுக்குள் நுழைவதற்குள் அருண்பிரசாத் மூன்று முறை அழைத்திருந்தான். ஹைதராபாத் கம்பெனிக்காரன். அவர்கள் எடுக்கும் வெப் தொடரில், ஒரு மலையைச் சுற்றி வாழும் கற்பனை இனம் ஒன்று வருகிறது. தொவ்ரிகள் என்று பெயர். அவர்கள் பேச ஒரு மொழி வேண்டும். ஒலி, சொல், இலக்கணம் எல்லாவற்றையும் உட்கார்ந்து செய்து தருவது என் வேலை. மொழியியலில் எம்.ஃபில். முடித்துவிட்டுப் பன்னிரண்டு வருஷம் ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டு திருத்திக்கொண்டிருந்தவளுக்கு இது கிடைத்ததே பெரிது என்று தினமும் சொல்லிக்கொள்கிறேன். இன்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"மேடம், ஒரு சூப்பர் ஐடியா. 'நாம'ன்றதுக்கு ரெண்டு வார்த்தை வெச்சிக்கலாமா? கேக்கறவங்களையும் சேத்து ஒண்ணு, சேக்காம ஒண்ணு. வேற எந்த மொழிலயும் இருக்காது."

"அருண், நீங்க இப்ப பேசிட்டு இருக்கறதே தமிழ்தான். நாம ஒண்ணு, நாங்க ஒண்ணு. ரெண்டும் இருக்கு."

"அப்ப மூணு வெச்சிக்கலாமா?" என்றான்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். கூடத்திலிருந்து மாமா: "அருணா, மோட்டார் போட்டு ஒரு மணி நேரம் ஆவுது. நிறுத்தச் சொல்லு." மோட்டார் சுவிட்சுக்குக் கீழேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் அவர் பெற்ற பிள்ளை, என் கணவர். நான் சொன்னேன், "ஏங்க, மோட்டார நிறுத்தணுமாம்." இவர்: "டேங்க் இன்னும் ரொம்பலன்னு சொல்லு." "மாமா, இன்னும் ரொம்பலயாம்." "வழியிற சத்தம் காதுல விழலையான்னு கேளு." கேட்டேன்.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே நாலடி தூரம். நான் சுவருக்கு அந்தப் பக்கம், கையில் கரண்டியோடு.

செப்டம்பர் 10

இன்று எண்ணிப் பார்த்தேன். காலை காபியிலிருந்து ராத்திரி கதவு சாத்தும் வரை முப்பத்தொரு தடவை தூது. அதில் எட்டு, மோட்டார்.

செப்டம்பர் 14 – ஞாயிறு

இந்தக் கூத்து தொடங்கியது கவிநிலா கல்யாணத்தில். இவருடைய தங்கை. ஏழு வருஷம் ஆகிறது. பத்திரிகையில் 'தங்கள் வரவை விரும்பும்' வரிசையில் மாமா முதலில் போட்டது தன் அண்ணன் மகன் ராமதாஸ் பெயரை. பரசுராமன் என்று இவர் பெயர் இரண்டாவது. ராமதாஸ் எட்டு மாதம் மூத்தவர், வயதுப்படி போட்டேன் என்றார் மாமா. கூடப்பிறந்த அண்ணன் நான் இருக்கும்போது அவன் பெயர் எப்படி முதலில் வரும் என்றார் இவர். ஆயிரம் பத்திரிகை அடித்தாகிவிட்டது. மண்டபத்தில் எல்லார் முன்னாலும் மாமா, "இஷ்டம்னா நிக்கட்டும், இல்லன்னா போவட்டும்" என்றார். இவர் நின்றார். ஆனால் அன்றோடு பேச்சு நின்றது.

ஒரே வீடு, ஒரே கூடம், ஒரே டிவி. அத்தை இருந்தவரை இரண்டு பேருக்கும் நடுவில் அவர்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தை போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, மாமா இலையைப் பார்த்துக்கொண்டே, "அருணா, ரேஷன் கடைக்குப் போவணும்னு அவன்கிட்ட சொல்லு" என்றார். அவ்வளவுதான். அத்தை தன் நகையை எல்லாம் பெண்ணுக்கும் பேத்திக்கும் பிரித்துக் கொடுத்தார். எனக்கு விட்டுப்போனது இதை.

செப்டம்பர் 19 – வெள்ளி

நாலு நாளாகத் திசைச் சொற்களோடு மல்லுக்கட்டு. தொவ்ரிகளுக்கு இடது வலது கிடையாது என்று வைத்திருந்தேன். மலைப்பக்கம், வெளிப்பக்கம், சுற்றுப்போக்கு, எதிர்ப்போக்கு. நாலே சொல். மலையைச் சுற்றி வாழ்கிறவன் வேறு எப்படிச் சொல்வான்? எங்கள் ஊரில் கிரிவலப் பாதையில் நின்று வழி கேட்டால் பாதிப் பேர் அப்படித்தானே சொல்கிறார்கள். இயக்குநருக்குப் புரியவில்லையாம். பார்க்கிறவர்கள் குழம்புவார்களாம். பார்க்கிறவர்களுக்குக் கீழே எழுத்து ஓடப்போகிறது, அவர்களுக்கு என்ன குழப்பம்? தூக்கச் சொல்லிவிட்டார்கள். தூக்கினேன்.

அந்த எரிச்சலில் மத்தியானம் சாப்பாடு போட்டேன். மாமா: "அருணா, மோர் கேட்டான்னா ஊத்து, ரசம் காரம் ஜாஸ்தி." அந்த 'அவன்' எதிரில்தான் இருக்கிறான். அவன் ரசத்தைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் காது கேட்கிறது. ஆனால் என்னைப் பார்த்து, "வேணும்னா கேட்டுக்கறேன்" என்றார் இவர்.

அப்போதுதான் தோன்றியது. இதற்கு ஒரு வடிவம் ஏன் இல்லை?

சாப்பிட்ட இலையை எடுக்கவில்லை. நோட்டை எடுத்தேன். தமிழுக்கு எட்டு வேற்றுமை. எட்டாவது விளி, ஆளைக் கூப்பிடுவதற்கு. தொவ்ரிக்கு ஒன்பதாவது ஒன்று இருக்கட்டும் – ஆள் எதிரில் இருக்கும்போது கூப்பிடாமல் இருப்பதற்கு. நடுவில் யாரிடம் சொல்கிறோமோ அவர் பெயரோடு 'ஓமெ' என்று ஒட்டினால் போதும். "இதை நீ கேட்டுக்கொள்ள வேண்டாம், அந்தப் பக்கம் இருப்பவருக்கு" என்று அர்த்தம். அருணோமெ, ரசம் காரம். அருணோமெ, மோட்டார் ஓடுகிறது.

ஒரு மணி நேரத்தில் விதிகள் எல்லாம் எழுதி முடித்தேன். எந்த விதிக்கும் உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. நடுவில் இருக்கிறவர் மாற்றிச் சொல்லக் கூடாது. கூட்டிச் சொல்லக் கூடாது. தன் கருத்தைச் சொல்லவே கூடாது. எழுதும்போது சிரிப்பு வந்தது. கடைசி விதி வந்தபோது சிரிப்பு போய்விட்டது.

செப்டம்பர் 25

இயக்குநருக்கு ஒன்பதாம் வேற்றுமை ரொம்பப் பிடித்துவிட்டதாம். கதையில் சண்டைக்கார அண்ணன் தம்பி இருவர் வருகிறார்கள், நடுவில் அவர்களுடைய அம்மா. அவர்களுக்கென்றே செய்ததுபோல இருக்கிறதாம். "எப்டி மேடம் இதெல்லாம் தோணுது?" என்று கேட்டான் அருண்பிரசாத். ரசம் ஊற்றும்போது என்றேன்.

பிறகு கேட்டான்: "அஞ்சாவது பகுதில அந்த அம்மா செத்துடறாங்க. நடுவுல ஆள் இல்லன்னா அவங்க எப்டி பேசுவாங்க?"

"பேச மாட்டாங்க."

"கடைசி வரைக்குமா?"

"நடுவுல ஆள் இல்லன்னா அந்த வடிவமே வராது, அருண். அவங்களுக்கு வேற வழி கெடையாது. பேச்சே இருக்காது."

இலக்கணக் குறிப்பிலும் அப்படியே எழுதி அனுப்பினேன். 'நடுவில் ஆள் இல்லாதபோது இருவருக்கும் பேச்சு இல்லை.'

அக்டோபர் 3

என்னையே வரச் சொல்கிறார்கள்.

நடிகர்களுக்குத் தொவ்ரி சொல்லிக்கொடுக்க, படப்பிடிப்பு முழுக்க உடன் இருக்க. ஹைதராபாத்துக்கு வெளியே ஒரு கல்குவாரியில் செட் போடுகிறார்கள். நவம்பர் பத்து முதல் டிசம்பர் இருபது வரை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நாற்பத்திரண்டு வயதில், ஒரு இலக்கணம் எழுதியவள், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்கிறேன்.

போகணும். எனக்குப் போகணும். நான் செய்த மொழியை நாலு பேர் வாயால் பேசி நான் கேட்கணும். இதைவிட வேறு எதுவும் இப்போது வேண்டாம்.

அக்டோபர் 5 – ஞாயிறு

கேட்டேன். தனித்தனியாகத்தான்.

இவர்: "நீ போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அவர யார் பாத்துப்பா? நான் ஆபீஸ் போயிடுவேன். மருந்து, சாப்பாடு... எதுனா கேக்கணும்னாக்கூட அவரு யார்கிட்ட கேப்பாரு?"

மாமா அடி அண்ணாமலையில் இருக்கும் எங்கள் நிலத்திலிருந்து, அந்தக் கொல்லையில் விளைந்த வேர்க்கடலை மூட்டையோடு வந்து இறங்கினார். தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "தாராளமா போயிட்டு வாம்மா. எனக்கு இன்னா, கஞ்சி காய்ச்சிக் குடிச்சிப்பன். அவன்தான். எது எங்க கீதுன்னு அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவும் முடியாது. அதான் யோசன. நடுவுல தீபம் வேற வருது."

ஆக இரண்டு பேருக்கும் ஆட்சேபணை இல்லை. ஒருவருக்காக இன்னொருவர் கவலைப்படுகிறார்கள், அவ்வளவுதான். இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் அதை நேராகச் சொல்லிக்கொண்டால் என்ன?

அக்டோபர் 6

பௌர்ணமி. இவருக்கு ஆபீஸில் கூடுதல் வேலை. "வர லேட்டாவும்னு சொல்லிடு." எதிரில்தான் நிற்கிறார் மாமா. சொன்னேன்.

அக்டோபர் 21 – செவ்வாய்

தீபாவளிக்கு மகள் எழில் வந்திருக்கிறாள். கல்லூரியில் முதல் வருஷம், வேலூரில் விடுதி. அவளிடம் ஹைதராபாத் விஷயத்தைச் சொன்னேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே, "போ" என்றாள்.

"இவங்க ரெண்டு பேரும்?"

"அம்மா, நான் வேலூர்ல சேந்ததே எதுக்குன்னு நெனச்ச? இங்க திருவண்ணாமலைலயே காலேஜ் இல்லையா? பத்தாவது பரீட்சைக்குப் படிக்கறப்ப, தாத்தா இந்தாண்ட, அப்பா அந்தாண்ட. உங்கப்பன்கிட்ட சொல்லு, உங்க தாத்தாகிட்ட சொல்லு. நான் தப்பிச்சிட்டேன். நீ மாட்டிக்கின."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குழந்தை ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்று சொன்ன நாளெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒருநாளும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று அவள் சொன்னதில்லை.

அக்டோபர் 29

வரவில்லை என்று அருண்பிரசாத்துக்கு மெயில் எழுதினேன். அனுப்பவில்லை. திறந்து வைத்துவிட்டு தோசை வார்க்கப் போனேன்.

மாமா, "அருணா, டிவி சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு." இவர், "நியூஸ் முடியட்டும்னு சொல்லு."

எனக்கு என்ன ஆச்சோ தெரியல. தோசைக் கரண்டிய அப்படியே போட்டுட்டேன். கல்லுல தோசை கருகுது. கூடத்துல போய் நின்னு சொன்னேன் – நான் ஸ்பீக்கரா, மனுஷியா? பேர் முன்னாடி வந்தா என்ன, பின்னாடி வந்தா என்ன, அந்தப் பத்திரிகைய எடுத்து இன்னைக்கு யாராச்சும் படிக்கறாங்களா? நான் போறேன். பத்தாம் தேதி வேலை. எட்டாந்தேதி பஸ். நீங்க ரெண்டு பேரும் ஊமையாவே இருங்க, எனக்கென்ன.

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "தோசை தீயுதுன்னு சொல்லு" என்றார். யாரிடம் சொல்வதாம்?

மெயிலை அழித்துவிட்டு வேறு எழுதினேன். வருகிறேன் என்று இரண்டே வரி.

நவம்பர் 8 – சனி

இன்று கிளம்புகிறேன். கூடத்தில் ஒரு வெள்ளைப் பலகை வாங்கி மாட்டியிருக்கிறேன். பேனாவைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாயிற்று. பேச வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள் என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். மேல் பாதியில் நானே எழுதிவிட்டேன்: சிலிண்டர் பதிய வேண்டிய நாள், மாமாவின் பிரஷர் மாத்திரை, பால்காரர் எண், மோட்டார் நாற்பது நிமிஷம்தான். கீழ்ப் பாதி அவர்களுக்கு.

பஸ் நிலையம் வரை இவர் வந்தார். பையை மேலே வைத்துவிட்டு, "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றார். "அவருக்கும் ஒண்ணு பண்ணிடு."

நவம்பர் 11

நடிகர்களுக்கு முதல் வகுப்பு. அண்ணனாக நடிப்பவர் எல்லா யகரத்தையும் ழகரமாக்குகிறார். தொவ்ரியில் ழகரமே கிடையாது, எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. அருண்பிரசாத், "மேடம், இன்னும் கொஞ்சம் தொண்டைல இருந்து வரணும், பழங்கால ஃபீல் வரணும்" என்கிறான். பழங்காலத்தில் எல்லாருக்கும் தொண்டை கட்டியிருந்ததா?

மத்தியானம் மாமா போன். "அருணா, தயிர் தீந்துடுச்சின்னு அவன்கிட்ட சொல்லு." அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, மூங்கில் கவசம் போட்ட இருபது பேருக்கு நடுவில் நிற்கிறேன். இவருக்கு அடித்துச் சொன்னேன். "வாங்கி ஃபிரிட்ஜ்லதான் வெச்சிருக்கேன்னு சொல்லு." மாமாவுக்கு அடித்தேன்.

நவம்பர் 12

ஒன்பது போன். பலகை எதற்கு இருக்கிறது என்று கேட்டால், என் எழுத்து அவனுக்குப் புரியாது என்கிறார் ஒருவர். கண்ணாடி போட மாட்டார் என்கிறார் இன்னொருவர்.

நவம்பர் 15

நேற்றிலிருந்து போனே இல்லை.

நவம்பர் 21 – வெள்ளி

நான்தான் கூப்பிடுகிறேன். இருவரும் எடுக்கிறார்கள். "நல்லா கீறன்மா." "ஒண்ணும் இல்ல, நீ வேலையப் பாரு." யாரும் யாரிடமும் எதையும் சொல்லச் சொல்வதில்லை. பெரிய சண்டை நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அல்லது மாமா கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டுத் தன் அறையில் முடங்கியிருப்பார், இவர் ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவார்.

வகுப்பில் இன்று ஒரு வினைமுற்றை நானே தப்பாகச் சொன்னேன். தம்பியாக நடிப்பவர் திருத்தினார். என் மொழியில் என் தப்பை. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

திரும்பிப் போய்விடலாமா?

நவம்பர் 28

அம்மா சாகும் காட்சி அடுத்த வாரம். இயக்குநர் ஒரு வரி வேண்டும் என்கிறார். அம்மா போன பிறகு அண்ணனும் தம்பியும் தனியாக நிற்கிறார்கள், யாராவது ஒருவர் ஏதாவது சொல்ல வேண்டுமாம். சொல்ல மாட்டார்கள் என்று நானும் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 'என்னை மன்னித்துவிடு' என்பதற்குத் தொவ்ரியில் என்ன என்று கேட்கிறார். அப்படி ஒரு சொல்லை நான் செய்யவே இல்லை.

டிசம்பர் 3 – புதன். தீபம்

கல்யாணமாகி இருபது வருஷத்தில் தீபத்துக்கு நான் வீட்டில் இல்லாதது இதுதான் முதல் தடவை.

சரியாக ஆறு மணிக்கு இவர் வீடியோ கால் செய்தார். மொட்டை மாடியிலிருந்து. "தெரியுதா? தெரியுதா?" திரையில் கறுப்பாக மலை, உச்சியில் கடுகளவு ஆரஞ்சு. வெடிச் சத்தம், அரோகரா சத்தம். தெரியுது என்றேன். கண் கலங்கியதால் அதுவும் சரியாகத் தெரியவில்லை. "இரு, வெளக்கு ஏத்திட்டு வரேன்" என்று சொல்லி போனைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். துண்டிக்கவில்லை. திரையில் வெறும் வானம்.

பிறகு குரல் கேட்டது.

"இந்தாண்ட வாடா. அங்க டேங்க் மறைக்குது."

"தெரியுதுப்பா."

"இன்னா தெரியுது. பாதிதான் தெரியும். மலப்பக்கமா வந்து நில்லு."

"எண்ணெ ஊத்தணும்பா, இருங்க."

"திரிய மொதல்ல கிள்ளிவுடு. உங்கம்மா அப்டிதான் செய்வா."

அருண்பிரசாத் வந்து, "மேடம், ஷாட் ரெடி" என்றான். கையைக் காட்டி நிறுத்தினேன். அப்பா. அப்பா என்று கூப்பிடுகிறார். ஏழு வருஷமாக 'அவர்'. இப்போது ஒரு நிமிஷத்தில் இரண்டு தடவை அப்பா.

முதலில் நினைத்தேன், தீபம் பார்த்த உருக்கத்தில் இப்போதுதான் பேசிவிட்டார்கள் என்று. கும்பிடக்கூடக் கை தூக்கிவிட்டேன். ஆனால் நான் பேச்சைக் கேட்டே பிழைக்கிறவள். ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை பேசுகிறவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். அதில் தயக்கம் இருக்கும், இடைவெளி இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. இது பல நாளாகப் பேசிக்கொண்டிருக்கும் பேச்சு.

போனை வைத்துவிட்டு ஷாட்டுக்குப் போனேன்.

டிசம்பர் 5

வரி கொடுத்துவிட்டேன். செத்துப்போன அம்மாவின் பக்கத்தில் இரண்டு பேர். அண்ணன் சொல்கிறான்: "மலைப்பக்கம் வந்து நில். அங்கே மறைக்கிறது."

இயக்குநர் இரண்டு முறை படித்தார். "இதுல என்ன இருக்கு?" என்றார். எடுத்துப் பாருங்கள் என்றேன். தூக்கச் சொன்ன திசைச் சொல் இது, திரும்ப வேண்டும் என்றும் சொன்னேன். எடுத்தார்கள். தம்பியாக நடிப்பவர் நகர்ந்து வந்து நின்றார். கட் சொல்லக் கொஞ்சம் நேரமாயிற்று.

டிசம்பர் 21 – ஞாயிறு

வீடு. காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்து, பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தேன். அடுப்படி சுத்தமாக இருக்கிறது. கொத்தமல்லிச் சட்னி அரைத்து வைத்திருந்தார் இவர். இவர்! பலகையில் மேல் பாதியில் என் எழுத்து அப்படியே இருக்கிறது. கீழ்ப் பாதியில் ஒரு கோடுகூட இல்லை. பேனா காய்ந்துபோயிருக்கிறது.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் காத்திருந்தேன். இப்போது பேசுவார்கள், நானும் ஒன்றும் தெரியாததுபோல இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

மாமா தொண்டையைச் செருமினார். "அருணா, கொல்லைக்கு ஆள் வரச் சொல்லியிருக்குதுன்னு அவன்கிட்ட சொல்லு."

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சரின்னு சொல்லு" என்றார்.

டிசம்பர் 22

எழிலுக்கு போன் செய்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"நீ போய் ஒரு வாரங்கூட ஆவலம்மா. அப்பா குளிச்சிக்கினு இருந்தாராம். தலைலர்ந்து கால் வரைக்கும் சோப்பு, கண்ணுலயும் சோப்பு. தண்ணி நின்னுடுச்சி. வூட்ல வேற யாரும் இல்ல. கொஞ்ச நேரம் கதவத் தட்டிப் பாத்தாராம். அப்புறம், 'அப்பா, மோட்டார்'னு கத்தியிருக்கார். தாத்தா, 'போடறன் இரு'ன்னாராம். அவ்ளோதான். தாத்தாவே சிரிச்சிக்கினே சொன்னாரு. அப்பறம் அன்னிக்கே ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டாங்களாம்."

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு தாத்தா சத்தியம் வாங்கிக்கினாரு."

ஆக ஏழு வருஷம், அதில் மூன்று வருஷம் நான், ஒரு நாளைக்கு முப்பத்தொன்று. அது முடிய ஒரு டேங்க் தண்ணீர் தீர வேண்டியிருந்தது, நான் ஊரில் இல்லாமல் இருக்க வேண்டியிருந்தது. நல்ல செய்திதானே? ஏன் எனக்கு இப்படி வயிறு எரிகிறது? நான் இல்லாவிட்டால் அவர்களுக்கு வழியில்லை என்றல்லவா இருந்தேன். எழுதிக்கூடக் கொடுத்தேனே, பேச்சு இல்லை என்று.

டிசம்பர் 28 – ஞாயிறு

ஒரு வாரம் பொறுத்தேன். இன்று மாடியில் துணி காயப்போடும்போது இவரை நேராகவே கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் பேசினீங்களாமே."

முகம் சிவந்துவிட்டது. ஐம்பதை நெருங்குகிற மனிதர். "யாரு சொன்னா?"

"தீபத்தன்னிக்கு நானே கேட்டேன். அப்பறம் நான் வந்ததும் ஏன் மறுபடி 'சொல்லு'ன்னு ஆரம்பிச்சீங்க? என்னப் பாத்தா வேலக்காரி மாதிரி இருக்குதா?"

ரொம்ப நேரம் ஒரு கிளிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "கோவமெல்லாம் போயிடுச்சி அருணா. ஆனா உன் எதிர்ல... எப்டிச் சொல்றது, வெக்கமா இருக்குது. இத்தன வருஷம் உன்ன ஓட வுட்டுட்டு, இப்ப திடீர்னு உன் எதிர்லயே அப்பான்னு கூப்புட வாய் வரல. அவருக்கும் அப்டித்தான்."

"அதுக்காக மறுபடியும் என்னையே ஓட வுடறீங்களா?"

ஈரத் துண்டை உதறி, எனக்கு முன்னால் அவரே காயப்போட்டார்.

கோபம்தான். ஆனால் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அவர்களுக்கு நடுவில் இருந்தது பத்திரிகை இல்லை, அது எப்போதோ போய்விட்டது. நடுவில் இருப்பது நான்.

ஜனவரி 2, 2026

கம்பெனியிலிருந்து மெயில். தொடரின் இரண்டாம் பருவத்தில் கடலோர இனம் ஒன்று வருகிறதாம், அவர்களுக்கு ஒரு புது மொழி. பிப்ரவரியில் பத்து நாள் அங்கே வர வேண்டும். சரி என்று பதில் போட்டேன். வீட்டில் கேட்கவில்லை. சாப்பிடும்போது சொன்னேன், அவ்வளவுதான். இருவரும் தலையாட்டினார்கள்.

அருண்பிரசாத் தனியாக அழைத்தான். "மேடம், கடல்காரங்களுக்கு 'நாம' மூணு வெச்சிக்கலாமா?" வெச்சிக்கலாம் என்றேன். பாவம், எவ்வளவு நாளாகக் கேட்கிறான்.

ஜனவரி 4 – ஞாயிறு

சாயந்திரம் தோசை. சட்னி இவர் அரைத்தது. மாமா ஒரு விள்ளல் தொட்டு வாயில் போட்டார்.

"அருணா, சட்னில உப்பு கம்மின்னு அவன்கிட்ட சொல்லு."

நான் சொல்லவில்லை. என் தட்டையும் அலமாரியில் இருந்த தொவ்ரி நோட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். "எங்க போற?" என்றார் இவர். மாடிப்படி ஏறினேன். ஆறாவது படியில், திருப்பத்துக்கு அப்பால், அவர்களுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்தேன்.

கீழே ஒன்றும் இல்லை. ஃபேன் சத்தம். ஒரு டம்ளரை எடுத்து வைக்கும் சத்தம். நான் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தேன், ஐம்பது வரை போயிற்று. எழுபது. இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று கால் எழுந்தது. கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய்."

தட்டு நகரும் சத்தம்.

"உப்பு கம்மி."

"போட்டுக்கினா போவுது. கிண்ணம் உங்க பக்கத்துலதான் இருக்குதுப்பா."

"இது உப்பா? இது சோடா உப்பு மாதிரி கீது."

"கண்ணாடிய போட்டுக்கினு பாருங்க."

"நீ மொதல்ல அரைக்கறப்ப ருசி பாரு."

அப்படியே போய்க்கொண்டிருந்தது. நோட்டை மடியில் வைத்து ஒன்பதாம் வேற்றுமைப் பக்கத்தைத் திருப்பினேன். 'நடுவில் ஆள் இல்லாதபோது இருவருக்கும் பேச்சு இல்லை' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: 'நடுவில் ஆள் இருக்கும்வரை மட்டும் வழங்கும்.'

தோசை ஆறிவிட்டது. உப்பு கம்மிதான். நாளையிலிருந்து எனக்குச் சாப்பாடு மாடியில்.